இழுவண்டி முகாமில் துணைக்கோள் டெலிவிஷன்

செயற்கைத் துணைக்கோள் வாயிலாக வரும் டெலிவிஷன் நிகழ்ச்சிகளை வீட்டிலிருந்தபடியே பெறுவது இன்று நம் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. கூரையின் மீது ஒரு கிண்ண ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் ஒரு கேபிள், டெலிவிஷன் பெட்டியின் அருகே ஒரு ரிசீவர். இவ்வளவே அதற்கு வேண்டுவன. கிண்ணத்தைப் பொருத்த வந்த தொழிலாளி அதனைச் சரியான திசையில் நிறுத்தித் திருகாணிகளை முடுக்கிச் சென்றபின், ஆண்டுக்கணக்கில் அதனை எவரும் தொடுவதில்லை. அது எங்கு நோக்குகின்றது, ஏன் அங்கு நோக்குகின்றது என்னும் வினா வீட்டாருக்கு எழுவதும் இல்லை.

வீடே இடம் பெயர்வதானால் நிலைமை வேறு. நில அளவை, கனிமத் தேடல், மண் ஆய்வு, சுகாதாரப் பிரசாரம் ஆகிய பணிகளில் ஈடுபட்ட கள ஊழியர்கள் மாதக்கணக்கில் முகாம்களில் வாழ்கின்றனர். மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் டிரெயிலர், அதாவது இழுவண்டி, அவர்களுக்கு அலுவலகமாகவும் இல்லமாகவும் அமைகின்றது. செங்கற் சூளைகளிலும் கரும்பு வெட்டும் இடங்களிலும் பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் செல்லும் ஆசிரியர்களும் இத்தகைய வண்டிகளைப் பயன்படுத்தலாம். வகுப்புப் பாடங்களை ஒளிபரப்பும் கல்வி அலைவரிசைகள் துணைக்கோள் வழியே கட்டணமின்றிக் கிடைக்கின்றமையால், டெலிபோன் கோபுரத்தின் வீச்சு எட்டாத இடத்திலும் ஒரு வகுப்பை நடத்த இயலும். வீட்டில் உபயோகிக்கும் அதே ரிசீவரை வண்டியில் ஏற்றிச் சென்றால் போதும். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஆயினும் முகாமில் அக்கருவி பயன்படாமற் போவதே மிகுதியாக நேர்கின்றது. மாலை 5 மணிக்கு நிகழ்ச்சி காட்டப்படும் என்று ஊரில் அறிவித்து, மக்களும் வந்து அமர்ந்தபின், 'சிக்னல் இல்லை' என்னும் எழுத்துகளே திரையில் நின்றால், அடுத்த முறை அழைக்கும்போது பாதிப்பேர்கூட வரமாட்டார்கள். கருவி பழுதுபட்டது என்று எண்ணி ரிசீவரைத் திறந்து பார்ப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் ரிசீவரில் பழுது எதுவும் இராது. கிண்ணம் நோக்கும் இடமே தவறாக இருக்கும். ஆகையால் இக்கட்டுரை ரிசீவரைப் பற்றிச் சிறிதும், கிண்ணத்தை நிறுத்துவதைப் பற்றிப் பெரிதும் பேசுகின்றது.

துணைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுவதன் காரணத்தை முதலில் நினைவுகூர்வோம். பூமத்தியரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு நோக்கிச் சுற்றும் ஒரு பொருள் பூமியை ஒருமுறை வலம்வர 23 மணி 56 நிமிடம் எடுத்துக்கொள்கின்றது. பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் காலமும் அதுவே. எனவே தரையில் நிற்பவருக்கு அப்பொருள் வானில் அறைந்துவைத்த ஆணிபோல் அசைவற்றுத் தோன்றும். 1945-இல் ஆர்தர் கிளார்க் இத்தகைய நிலையங்களைக் கொண்டு உலகமெங்கும் செய்தி பரப்பலாம் என்று எழுதினார். 1964-இல் ஏவப்பட்ட சின்காம்-3 அவ்விதம் நிலைபெற்ற முதல் துணைக்கோள் ஆகும்.

தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்னும் பெயரில் தொடங்கப்பட்டுப் பின்னர் 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என்று பெயர் மாறியது. இச்சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 துணைக்கோள் 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டின் மூலம் செலுத்தப்பட்டது. அது நிற்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. அந்தமான் தீவுகளை ஒட்டிச் செல்லும் தீர்க்கரேகை அது. அத்தீவுகளிலிருந்து நேர்தெற்கே பூமத்தியரேகை வரை சென்று அண்ணாந்து பார்த்தால் உச்சியில் இத்துணைக்கோள் இருக்கும். இந்திய நிலப்பரப்பின் பெரும்பகுதி இவ்விடத்திற்கு வடமேற்கில் உள்ளமையால், நம் கிண்ணங்கள் பெரும்பாலும் தென்கிழக்கை நோக்குகின்றன.

இழுவண்டியில் வீட்டு ரிசீவரைக் கொண்டுசெல்லும் பழக்கம் பெரிதும் வளர்ந்தது வட அமெரிக்காவில்தான். 3 மீட்டர் அகலக் கிண்ணங்கள் வழங்கிய காலத்தில் இது அரிதாயிருந்தது. 1994-இல் டைரக்ட் டிவி நிறுவனம் 45 சென்டிமீட்டர் கிண்ணத்துடன் சேவை தொடங்கியபின், விடுமுறைப் பயணிகள் அதனை மூட்டையோடு மூட்டையாக எடுத்துச் செல்லலாயினர். ஆங்கு ஒரு தொல்லை உண்டு. உள்ளூர் நிலையங்களின் நிகழ்ச்சிகள் குறுகிய கற்றைகளாக அந்தந்தப் பகுதிக்கு மட்டும் அனுப்பப்படுகின்றன. வண்டி சில நூறு கிலோமீட்டர் சென்றதும் சொந்த ஊரின் செய்தி மறைந்துவிடும். ஜிசாட்-15 அனுப்பும் கற்றையோ இந்திய நிலப்பரப்பு முழுவதையும் தழுவுவது. கன்னியாகுமரியில் கிடைக்கும் அலைவரிசை லேயிலும் கிடைக்கும். கட்டணச் சேவைகளின் ரிசீவர்களும் தொழில்நுட்ப முறையில் இவ்வாறே இயங்குவன. ஆனால் அவற்றின் உடன்படிக்கை ஒரு முகவரியைச் சார்ந்திருக்கலாமாகையால், வெளியூர் கொண்டுசெல்லுமுன் அதனைப் படித்துப் பார்த்தல் நன்று.

கள ஊழியர்களுக்கும் துணைக்கோள் டெலிவிஷனுக்கும் உள்ள உறவு நம் நாட்டில் பழைமையானது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த துணைக்கோள் கல்வி டெலிவிஷன் பரிசோதனையில், அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்குப் பெற்ற ஏ.டி.எஸ்-6 துணைக்கோளின் மூலம் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. அக்கிராமங்களில் நிறுத்தப்பட்ட 3 மீட்டர் கிண்ணங்கள் கோழிக்கூண்டிற்குப் பயன்படும் கம்பிவலையால் ஆனவை. வலையில் ஓட்டைகள் இருந்தும் அவை எங்ஙனம் வேலை செய்தன என்று மாணவர்கள் வினவக்கூடும். அன்று பயன்பட்ட அலையின் அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். ஓட்டையின் அளவு அலைநீளத்தைவிட மிகச் சிறிதாயிருந்தால், அலைக்கு அது திண்ணிய தகடே ஆகும். இன்று நாம் பெறும் அலையின் அதிர்வெண் 11 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது, அலைநீளம் 2.7 சென்டிமீட்டர்தான். எனவே இன்றைய கிண்ணம் சிறிதாயிருக்கலாம், ஆனால் அதன் பரப்பு வழுவழுப்பாக இருத்தல் வேண்டும். அலைநீளத்தின் பதினாறில் ஒரு பங்குக்கு, அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நெளிவு விளைவைக் குறைக்கும். இழுவண்டியின் தரையில் கிடத்தி, அதன்மேல் ஜாக்கியையும் தண்ணீர்க் குடத்தையும் வைத்துச் சென்ற கிண்ணம் முகாமில் சரிவர இயங்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கிண்ணத்தைக் கம்பளத்தில் சுற்றி, சுவரோடு நிமிர்த்தி நிறுத்திக் கட்டிச் செல்லுக.

இனிக் கோணங்களைக் காண்போம். கிண்ணத்தைத் துணைக்கோளுக்கு நேராக நிறுத்த மூன்று கோணங்கள் தேவை. உண்மை வடக்கிலிருந்து கிழக்காக அளக்கும் கோணம் திசைக்கோணம். அடிவானத்திலிருந்து மேல்நோக்கி அளப்பது ஏற்றக்கோணம். மூன்றாவதைத் தொழிலாளர் 'ஸ்க்யூ' என்பர். அதற்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இன்மையால் இங்குத் திருகுகோணம் என்று வழங்குவோம். கிண்ணத்தின் முன் நீண்ட தண்டின் நுனியில் அலையை வாங்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவியைத் தன் அச்சின்மேல் எவ்வளவு திருப்பவேண்டும் என்பதே அது. ஜிசாட்-15 துணைக்கோளுக்குச் சில ஊர்களில் வேண்டிய கோணங்களைக் கணக்கிட்டு, முழுப் பாகைகளாகக் கீழே தந்துள்ளோம்.

ஊர் — திசைக்கோணம் — ஏற்றக்கோணம் — திருகுகோணம்
கன்னியாகுமரி — 116 — 69 — 63
சென்னை — 134 — 68 — 45
நாகபுரி — 145 — 60 — 33
ஜெய்சால்மர் — 137 — 50 — 37
டெல்லி — 149 — 52 — 27
லே — 153 — 47 — 22
குவாஹாத்தி — 176 — 59 — 4
திப்ருகர் — 183 — 58 — 3 (எதிர்ப்புறம்)

இவ்வட்டவணையைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் பயன்தரும். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு வரும் முகாமில் ஏற்றக்கோணம் ஒரு பாகை அளவே மாறுகின்றது. திசைக்கோணமும் திருகுகோணமும் தலைக்குப் பதினெட்டுப் பாகை மாறுகின்றன. டெல்லியிலிருந்து லேக்குச் செல்லும்போது திசைக்கோணத்தின் மாற்றம் ஐந்து பாகைக்கும் குறைவு. பூமத்தியரேகையை நெருங்க நெருங்க, வடக்குத் தெற்காகச் செய்யும் சிறு பயணமும் திசையைப் பெரிதும் மாற்றிவிடும். திப்ருகரில் துணைக்கோள் தெற்கிற்குச் சற்று மேற்கே சென்றுவிடுகின்றது, அந்நகரம் 93.5 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே அமைந்திருப்பதே காரணம்.

அட்டவணையில் இல்லாத ஊர்களுக்கு ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் தாங்களே கணக்கிடலாம். உயர்நிலைப்பள்ளித் திரிகோணமிதியே போதுமானது. நாகபுரியை எடுத்துக்கொள்வோம். அதன் அட்சரேகை 21.15 பாகை, தீர்க்கரேகை 79.1 பாகை. துணைக்கோளின் தீர்க்கரேகைக்கும் இதற்கும் வேறுபாடு 14.4 பாகை. வேறுபாட்டின் டான்ஜென்டை அட்சரேகையின் ஸைனால் வகுக்க வேண்டும். 0.2568-ஐ 0.3608-ஆல் வகுக்க 0.712 வரும், இதனை டான்ஜென்டாக உடைய கோணம் 35.4 பாகை. துணைக்கோள் ஊருக்குக் கிழக்கே இருந்தால் 180-இலிருந்து இதனைக் கழிக்கவும், மேற்கே இருந்தால் கூட்டவும். நாகபுரியின் திசைக்கோணம் இவ்வாறு 144.6 ஆகின்றது.

திருகுகோணத்திற்கு, வேறுபாட்டின் ஸைனை அட்சரேகையின் டான்ஜென்டால் வகுக்க வேண்டும். 0.2487-ஐ 0.3869-ஆல் வகுத்தால் 0.643, கோணம் ஏறத்தாழ 33 பாகை. ஏற்றக்கோணத்தின் கணக்கு இரண்டு படிகளை உடையது. அட்சரேகையின் கோஸைனையும் வேறுபாட்டின் கோஸைனையும் பெருக்க 0.9033 கிடைக்கும். இதனைக் கோஸைனாக உடைய கோணம் 25.4 பாகை, அதன் ஸைன் 0.4290. இனி 0.9033-இலிருந்து 0.1513-ஐக் கழித்து, மீதியை 0.4290-ஆல் வகுத்தால் 1.753 வரும். இதனை டான்ஜென்டாக உடைய 60.3 பாகையே ஏற்றக்கோணம். 0.1513 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று மாணவரைக் கேட்கலாம். பூமியின் ஆரமான 6,378 கிலோமீட்டரைப் பூமியின் மையத்திலிருந்து துணைக்கோளுக்குள்ள 42,164 கிலோமீட்டரால் வகுத்தால் விடை தெரியும். கைபேசிச் செயலிகள் இக்கணக்குகளை நொடியில் செய்து தரும் என்பது உண்மையே. ஆயினும் தொடர்பு அற்ற காட்டு முகாமில், நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த எண்ணே கைகொடுக்கின்றது.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்? 60 சென்டிமீட்டர் கிண்ணம் 11 கிகாஹெர்ட்ஸ் அலையை வாங்கும்போது, அதன் பார்வையின் அகலம் ஏறத்தாழ 3 பாகை. நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினால் வாங்கும் ஆற்றல் பாதியாகிவிடும். பழைய டெலிவிஷனில் ஆற்றல் குறையக் குறையப் படம் படிப்படியாக மங்கி, புள்ளிகள் மிகும். அதைக் கண்டு ஆன்டெனாவைத் திருத்திக்கொள்ளலாம். எண்முறை ஒளிபரப்பில் அந்த எச்சரிக்கை இல்லை. ஓர் எல்லை வரை படம் தெளிவாக நிற்கும். எல்லையைக் கடந்ததும் கட்டங்கட்டமாக உடைந்து முற்றும் மறைந்துவிடும். ஆகவே, படம் தெரிகின்றதென்று அத்துடன் விட்டுவிடாமல், நடுவைக் கண்டு நிறுத்துதல் வேண்டும். விளிம்பில் நிறுத்திய கிண்ணம் முதல் மழைத் தூறலிலேயே கைவிட்டுவிடும்.

மேற்சொன்ன ஒன்றரைப் பாகை என்பதை மனத்தில் கொண்டால், கிண்ணத்தை இழுவண்டியின் கூரையில் பொருத்தக் கூடாதது ஏன் என்பது எளிதில் விளங்கும். வண்டி வில்களின்மீதும் காற்றடைத்த டயர்களின்மீதும் நிற்பது. இரு சக்கரங்களுக்கும் இடையே 180 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். ஒரு பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே வண்டி 1.6 பாகை சாய்ந்துவிடுகின்றது. இருவர் ஒரு பக்கமாக ஏறி நின்றாலும், இரவில் மண் ஈரத்தில் ஒரு சக்கரம் அமிழ்ந்தாலும் இவ்வளவு சாய்வு ஏற்படலாம். 'உள்ளே ஆள் வந்தால் படம் போகின்றது, வெளியே சென்றால் வருகின்றது' என்னும் புகாரைக் கேட்டுப் பேய் பிசாசு என்று நகைப்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் நான்கு மூலைகளிலும் தாங்குகால்களை இறக்கினால் ஆட்டம் குறையுமேயன்றி ஒழியாது. கிண்ணத்துக்குத் தரையில் ஒரு தனி முக்காலியே தக்கது.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. முகாமில் வண்டியை நிழல் பார்த்தே நிறுத்துவோம். கிண்ணத்துக்கோ திறந்த வானம் வேண்டும். கிண்ணம் தனியே நின்றால் வண்டி மாமரத்தடியிலும் கிண்ணம் இருபது மீட்டர் தள்ளி வெட்டவெளியிலும் இருக்கலாம். இலைகளினூடே வானம் தெரிந்தாலும், இலையில் உள்ள நீர் இவ்வலையை உறிஞ்சிவிடும். தென்னிந்தியாவில் ஏற்றக்கோணம் மிகுதியாகையால், மரத்தைவிட்டுச் சிறிது விலகினாலே போதும். 10 மீட்டர் உயர மரம் எதிரே நின்றால், சென்னையில் 4 மீட்டர் தள்ளியும், லேயில் ஏறத்தாழ 10 மீட்டர் தள்ளியும் கிண்ணத்தை நிறுத்த வேண்டும். இமயப் பள்ளத்தாக்குகளில் மரத்தைக்காட்டிலும் தெற்கே நிற்கும் மலையே தடை. முகாமுக்கு இடம் தேரும்போதே அதைக் கவனித்தல் நலம்.

முக்காலியின் நடுக்கம்பம் செங்குத்தாக நிற்பதே முழு வேலையின் அடித்தளம். கம்பம் சாய்ந்திருந்தால் கிண்ணத்தின் பக்கவாட்டில் பொறித்துள்ள பாகை அளவு பொய்யாகும். அன்றியும், கிண்ணத்தை இடவலமாகத் திருப்பும்போது ஏற்றக்கோணமும் உடன் மாறிக்கொண்டே வரும். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தூக்குக் குண்டாகத் தொங்கவிட்டு, தெற்கிலிருந்து ஒருமுறையும் கிழக்கிலிருந்து ஒருமுறையும் கம்பத்தை நோக்குக. இரு முறையும் நூலும் கம்பமும் ஒன்றிநின்றால் போதுமானது. கால்களின் அடியில் பலகைத் துண்டுகளோ செங்கற்களோ இட்டால் அவை மண்ணில் அமிழா. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று 60 சென்டிமீட்டர் கிண்ணத்தை ஐந்தாறு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். எனவே ஒவ்வொரு காலின் மீதும் ஒரு மணல் மூட்டையை ஏற்றிவைக்க வேண்டும்.

அடுத்துத் திசை. காந்த ஊசியை வண்டியிலிருந்தும் முக்காலியிலிருந்தும் பத்து அடி எடுத்துவைத்து விலகி நின்று பார்க்க வேண்டும். இரும்புக்கு அருகில் ஊசி மெய் சொல்லாது. நம் நாட்டில் காந்த வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் உள்ள வேறுபாடு சில பாகைகளே. தொலைவில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாகக் கொண்டு, அதை நோக்கிக் கிண்ணத்தைத் திருப்புக. காந்த ஊசி இல்லையேல் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் வேளையைக் கவனிக்கலாம். அந்நிழல் உண்மை வடக்குத் தெற்குக் கோட்டில் விழும். அவ்வேளை கடிகாரத்தின் 12 மணி அன்று. ஜெய்சால்மரில் அது 12.45 மணியை ஒட்டியும், குவாஹாத்தியில் 11.25 மணியை ஒட்டியும் நேரும். பருவத்திற்கேற்பக் கால் மணி நேரம் முன்பின் ஆகும். மாணவர்களுக்குத் தீர்க்கரேகையையும் நேரத்தையும் கற்பிக்க இதனினும் நல்ல சோதனை கிடைப்பதரிது.

இப்போது துணைக்கோளைத் தேடலாம். முதலில் ஏற்றக்கோணத்தையும் திருகுகோணத்தையும் அட்டவணைப்படி வைத்து இறுக்கிவிட்டு, இடவலமாக மட்டும் திருப்புக. மூன்றையும் ஒருசேர அசைப்பவர் மாலை முழுவதும் அசைத்துக்கொண்டேயிருப்பார். ரிசீவரின் பட்டியலில் ஜிசாட்-15-ஐத் தேர்ந்து, அளவுகோல் தோன்றும் பக்கத்தைத் திறந்துவைத்து, ஒருவர் திரையைப் பார்க்க, மற்றொருவர் கிண்ணத்தை மெல்லத் திருப்புவார். ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் ஐந்து எண்ணும் வரை காத்திருத்தல் அவசியம்; ரிசீவர் அலையைப் பற்றிக்கொள்ளச் சில நொடிகள் ஆகும். வேகமாகத் திருப்பினால் துணைக்கோளைக் கடந்து சென்றதே தெரியாது. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பத்தின் மீது ஒரு பாகை என்பது மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கே. கிண்ணத்தின் விளிம்பிலோ அது 5 மில்லிமீட்டர். ஆதலால் கம்பத்தருகே பிடித்துத் திருகாமல், விளிம்பைப் பிடித்தே நகர்த்துக.

தென்னிந்தியாவில் பணிபுரிவோர்க்கு ஒரு குறிப்பு. துணைக்கோள் உச்சியை நெருங்கி நிற்பதால், இடவலமாகச் செய்யும் பிழை வானில் சிறுத்துவிடுகின்றது. சென்னையில் கிண்ணத்தை மூன்று பாகை திருப்பினாலும் பார்வை நகர்வது ஒரு பாகையளவே. மேலும் கீழுமாகச் செய்யும் பிழைக்கு இந்தச் சலுகை இல்லை. எனவே சென்னையிலும் மதுரையிலும் ஏற்றக்கோணத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். வடக்கே செல்லச் செல்ல இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கவனத்தைக் கோரும்.

திரையில் இரண்டு அளவுகோல்கள் தோன்றும். ஒன்று அலையின் வலிமை. மற்றொன்று அதன் தரம். பலரையும் ஏமாற்றுவது முதலாவது. எல்.என்.பி.யும் கேபிளும் இணைந்திருந்தாலே வலிமைக்கோல் பாதிக்கு மேல் ஏறி நிற்பதுண்டு. கிண்ணம் மண்ணை நோக்கினாலும் அது இறங்குவதில்லை. அயல் துணைக்கோளை நோக்கினாலும் அவ்வாறே. ஜிசாட்-15-க்கு ஒன்றரைப் பாகை கிழக்கே, 95 பாகையில், வேறு வணிகச் சேவைகளின் துணைக்கோள்கள் நிற்கின்றன. வலிமை நிறைந்தும் தரம் சுழியமாயும் இருந்தால், நீங்கள் அயலாரின் வாயிலில் நிற்கிறீர்கள் என்று பொருள். தரக்கோல் ஏறும் இடத்தைக் கண்டபின், அது விழத்தொடங்கும் இரு எல்லைகளையும் குறித்து, அவற்றின் நடுவில் நிறுத்துக. ஏற்றக்கோணத்திற்கும் அப்படியே செய்க.

திருகுகோணத்தை அலட்சியம் செய்பவர் பலர். வீட்டில் அதைத் தொழிலாளி ஒருமுறை வைத்துவிட்டார்; அது கிண்ணத்தோடு பிறந்தது என்றே வீட்டார் கருதுகின்றனர். துணைக்கோள் அனுப்பும் அலை ஒரு குறிப்பிட்ட தளத்திலேயே அதிர்கின்றது; இதனைப் பௌதிக நூல்கள் தளவிளைவு என்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் இருவேறு நிகழ்ச்சித் தொகுதிகள் ஒரே வேளையில் வருகின்றன. ரிசீவர் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. ஒரு தளத்தையும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றொரு தளத்தையும் வாங்கும். பூமி உருண்டையாதலால், ஊருக்கு ஊர் இத்தளங்கள் தரைக்குச் சாய்ந்து வருகின்றன. குவாஹாத்தியில் சரியாக இருந்த எல்.என்.பி.யை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் 41 பாகை பிழை உண்டாகும். பிழை 45 பாகையானால் இரு தளங்களும் சமமாகக் கலந்து, எதுவும் பிரிக்க முடியாமற் போகும். கிண்ணத்தின் பின்னால் நின்று துணைக்கோளை நோக்குபவருக்கு, அது தெற்கிற்குக் கிழக்கே இருப்பின், எல்.என்.பி.யைக் கடிகாரமுள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். திப்ருகர் போன்று துணைக்கோள் மேற்கே அமையும் இடங்களில் கடிகாரமுள்ளின் வழியே திருப்ப வேண்டும். பின்னர்த் தரக்கோலைப் பார்த்துச் சிறிது முன்பின் அசைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

கேபிளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஜி.-6 வகையில் இருபது மீட்டர் ஒரே துண்டாக இருந்தால் குறைவில்லை. ஒட்டுகளும் ஈரம் புகுந்த முனைகளுமே தொல்லைக்குக் காரணம். கேபிளில் மின்சாரம் செல்வதால், ரிசீவரை அணைத்தபின்னரே முனையைப் பூட்டவும் கழற்றவும் வேண்டும்.

மின்சக்திக்கு வண்டியை இழுக்கும் மோட்டாரின் பாட்டரியைத் தொடவே வேண்டாம். மறுநாட்காலை வண்டி கிளம்பாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி உள்ள தனிப் பாட்டரி ஒன்றைக் கொள்க. சிறிய எல்.இ.டி. டெலிவிஷனும் ரிசீவரும் சேர்ந்து 50 வாட் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 17 ஆம்பியர்-மணி செலவாகும். பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்காதிருந்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு அது போதும். வெயில் உள்ள இடங்களில் ஒரு சூரியத் தகடு அதனை நிரப்பிவிடும். 12 வோல்ட்டில் நேரே இயங்கும் ரிசீவராயின் மாற்றுக்கருவியில் வீணாகும் சக்தியும் மிஞ்சும்.

உயிர்ச்சேதத்துக்கு இடமளிக்கும் இரண்டு விஷயங்கள் உள்ளன. முக்காலியை நிறுத்தும் முன்பு தலைக்கு மேலே பார்க்க வேண்டும். மின்கம்பிகள் செல்லுமாயின், கம்பம் எத்திசையில் விழுந்தாலும் அவற்றைத் தொடாத தொலைவு விலகுக. உயரமான கம்பத்தை நிமிர்த்திய நிலையில் தூக்கிக்கொண்டு நடப்பதும் தகாது. இடி முழக்கம் கேட்டவுடன் ரிசீவரை அணைத்து, கேபிளைக் கழற்றி, அதன் முனையை வண்டிக்கு வெளியே போட்டுவிட வேண்டும். நிகழ்ச்சியின் நடுவே பிள்ளைகள் முணுமுணுப்பார்கள் என்பதற்காகத் தயங்கலாகாது.

வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் படம் பார்க்க இயலுமா என்று கேட்பவர்கள் உளர். வண்டியின் ஒவ்வொரு திருப்பத்தையும் குலுக்கலையும் உணர்ந்து தானே திரும்பி நிற்கும் ஆன்டெனாக்கள் கப்பல்களில் பயன்படுகின்றன. அவற்றின் விலை வீட்டு ரிசீவரைப்போல் பல மடங்கு. சாதாரணக் கிண்ணத்தைக் கூரையில் நிமிர்த்தியபடியே வண்டியை ஓட்டுவது கிண்ணத்துக்கும் பின்னால் வருவோருக்கும் ஆபத்து.

எல்லாம் சரியாக இருந்தும் படம் மறையும் வேளைகள் இரண்டு. கனமழையில் அலை நீர்த்துளிகளால் தேய்ந்துபோகும். மேகம் கடந்ததும் தானே திரும்பும். அப்போது கிண்ணத்தைத் திருப்பத் தொடங்கினால் மழை விட்டபின்னும் படம் வராது. மற்றொன்று, மார்ச் மாதத்தின் முற்பாதியிலும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் முற்பகுதி வரையிலும் சில நாட்கள், முற்பகல் 11 மணி அளவில், சூரியன் துணைக்கோளுக்கு நேர்பின்னே வந்து நிற்பதால் உண்டாவது. சூரியனும் இவ்வலைகளை உமிழ்வதாகையால் சில நிமிடங்களுக்கு ரிசீவர் திணறும். முகாமுக்கு இடம் பார்ப்பவர்களுக்கு அந்நாட்கள் உதவியானவை. அவ்வேளையில் தரையில் எங்கே வெயில் விழுகின்றதோ, அங்கே கிண்ணத்தை வைத்தால் துணைக்கோள் தெரியும். எங்கே நிழல் விழுகின்றதோ, அங்கே தெரியாது. அவ்விடத்தில் ஒரு முளையை அடித்துவைத்தால், அடுத்த பருவத்தில் அதே முகாமுக்கு வருவோர் தேட வேண்டியிராது.